கெண்டைக்கால் கிழிவு: வலி நின்றதும் திடலுக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி

அக்கா, எனக்கு வயது 25. சொந்த இடம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அவர்களுடைய கூடைப்பந்து அணிக்கு விளையாடுவதற்காகத்தான் அந்த வேலையையே தந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடப் புறப்பட்டேன். இடது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்த டொக்டர், உட்பக்கத் தசையில் இரண்டாம் தரக் கிழிவு, அதாவது ஒரு பகுதி கிழிந்திருக்கிறது என்றார். லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது நடக்கும்போது வலி இல்லை. அந்த ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி எழும்பினால் ஏழெட்டு முறைதான் முடிகிறது, பிறகு நடுங்குகிறது. நல்ல காலில் இருபத்தைந்து போகும்.

இன்னும் நான்கு வாரத்தில் சுற்றுப்போட்டி தொடங்குகிறது. வலி இல்லையென்றால் வந்துவிடு என்கிறார் கோச். எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரைக் கூப்பிடட்டுமா என்று அம்மா கேட்கிறார். மூச்சு குறையாமல் இருக்கத் தோட்டத்து ஏற்றத்தில் ஓடலாமா? அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்கள் கெவின் டுரான்டுக்கும் ஹலிபேர்ட்டனுக்கும் நடந்ததைப் பார்த்ததிலிருந்து இரவில் நித்திரை வருவதில்லை. எனக்கும் அக்கிலீஸ் (குதிக்கு மேலுள்ள நாண்) அறுந்துவிடுமா?

பதில்

தம்பி, ஒற்றைக் காலில் எழும்பிப் பார்த்த கணக்கை எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். நல்ல காலில் இருபத்தைந்து, காயப்பட்ட காலில் ஏழெட்டு. வலி போய்விட்டது, பலம் வரவில்லை. கோச் கேட்பது வலியைப் பற்றி. திடலில் உங்கள் காலிடம் கேட்கப்படப்போவது பலம். இன்றைய நிலையில் நீங்கள் விளையாடக் கூடாது. நான்கு வாரத்தில் முடியுமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் காலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அது விளங்கினால் பாதிப் பயம் தானாகப் போய்விடும்.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன. மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிவரை வருவதால் முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிக் கணுக்காலை மட்டும் கடக்கிறது. கீழே இரண்டும் சேர்ந்துதான் அக்கிலீஸ் தசைநாணாகிக் குதியெலும்பில் ஒட்டுகின்றன. பந்தைப் பறித்துக்கொண்டு புறப்படும் அந்த முதல் எட்டில், முழங்கால் நிமிர்ந்துகொண்டிருக்க, கணுக்கால் மடிந்திருக்க, மேல்தசை இரண்டு பக்கமும் இழுபட்டபடியே முழுப் பலத்தோடு சுருங்க வேண்டியிருக்கிறது. அதன் உட்பக்கத் தலைதான் இப்படிக் கிழிவதில் முதலிடம். பின்னாலிருந்து உதைத்தது போன்ற உணர்வும் அதற்கே உரியது. அக்கிலீஸ் அறுந்தாலும் அதே உணர்வு வரும், அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதை உங்கள் டொக்டர் பார்த்திருப்பார். ஒற்றைக் காலில் ஏழெட்டு முறை எழும்புகிறீர்கள் என்பதே நாண் முழுதாக அறுந்திருக்கவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். மனம் ஆறவில்லையென்றால் கட்டிலில் குப்புறப் படுத்து, பாதத்தை வெளியே தொங்கவிட்டு, தங்கையையோ நண்பரையோ கெண்டைக்காலை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தால் நாண் இணைந்திருக்கிறது. அசையாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மேல்தசை நன்றாகத் தெரியும். அடியிலுள்ள சோலியஸில் உள்ள கிழிவு அதில் தப்பிவிடுவது உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடித்தபடி, தொடைமேல் கனம் வைத்துக் குதியைத் தூக்குங்கள். முழங்கால் மடியும்போது மேல்தசை தளர்ந்துவிடும், சுமை பெரும்பாலும் சோலியஸுக்குப் போகும். அப்போது ஆழத்தில், கெண்டைக்காலின் கீழ்ப் பாதியில் வலித்தால் அதையும் காயம் தொட்டிருக்கலாம். அப்படியானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சோலியஸின் நடுவே ஓடும் நாண் கிழிந்திருந்தால் ஆறுவதற்கு இன்னும் நாள் எடுக்கும், திட்டமே மாறிவிடும்.

சரி, டுரான்டுக்கும் ஹலிபேர்ட்டனுக்கும் வருவோம். 2019 மே 8ஆம் திகதி ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் டுரான்டுக்கு வலது கெண்டைக்கால் இழுபட்டது. அவரும் உங்களைப் போலவே திரும்பிப் பார்த்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக வெளியே இருந்துவிட்டு, ஜூன் 10ஆம் திகதி டொரொன்டோவுக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். 12 நிமிடம் விளையாடி 11 புள்ளி எடுத்தார். ஆட்டத்தின் இரண்டாம் காற்பகுதியில் அதே காலின் அக்கிலீஸ் அறுந்தது. அடுத்த முழுப் பருவமும் போய்விட்டது. திரும்பவும் அவரைத் திடலில் பார்த்தது 2020 டிசம்பரில்தான். ஹலிபேர்ட்டன் 2025 ஜூன் 16ஆம் திகதி, இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். மூன்று நாள் கழித்து ஆறாவது ஆட்டத்தில் விளையாடினார். 22ஆம் திகதி ஏழாவது ஆட்டத்தின் முதல் காற்பகுதியில் அவருக்கும் அக்கிலீஸ் அறுந்தது.

ஒருவர் ஒரு மாதம் பொறுத்தார், மற்றவர் மூன்றே நாளில் இறங்கிவிட்டார். இருவருக்கும் முடிவு ஒன்றாகவே வந்தது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்து இத்தனை வாரம் போதும் என்று சொல்லிவிட முடியாது. அதேநேரம் கெண்டைக்கால் கிழிந்த எல்லோருக்கும் அக்கிலீஸ் அறுவதில்லை. பெரும்பாலான விளையாட்டு வீரர்கள் ஒழுங்காகக் குணமாகித் திரும்பிவிடுகிறார்கள். அந்த இருவருக்கும் கெண்டைக்காயம்தான் நாண் அறுந்ததற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. தசை பலவீனமாக இருக்கும்போது சுமையின் பங்கு நாணுக்குக் கூடுதலாகப் போகும், களைத்த தசை நேரத்துக்குச் சுருங்காது, காயப்பட்டவர் காலை வைக்கும் விதமும் மாறிவிடும் என்பதால் தொடர்பு இருக்கலாம் என்று நம்ப நியாயம் இருக்கிறது. எனவே இரவில் விழித்திருந்து பயப்படத் தேவையில்லை, பலம் வராத காலோடு இறங்குவதற்கு மட்டும் பயப்படுங்கள்.

அதே என்.பி.ஏ.யில் மில்வாக்கி அணியின் யான்னிஸ் அந்தெதொகும்போவைப் பற்றி ஏனோ யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2024 ஏப்ரல் 9ஆம் திகதி பொஸ்டனுக்கு எதிராக விளையாடும்போது அவருக்கு இடது சோலியஸ் இழுபட்டது. பிளேஓஃப் முதல் சுற்றில் இந்தியானாவுக்கு எதிரான ஆறு ஆட்டங்களிலும் அவர் இறங்கவில்லை. அணி தோற்று வெளியேறியது. அவர் அடுத்த பருவம் முழுப் பலத்தோடு விளையாடினார். ஓர் அணியின் ஆகப் பெரிய ஆட்டக்காரரை, அதுவும் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய நேரத்தில், வெளியே உட்கார வைக்கலாம் என்றால், ஒரு நிறுவன அணியிலும் வைக்கலாம். இதை உங்கள் கோச்சிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணெய். அம்மாவின் மனம் எனக்கு விளங்குகிறது. மலைநாட்டில் கால் சுளுக்கினால் நீவிவிடுவதுதான் முதல் வைத்தியம், சிறிய பிடிப்புக்கு அதில் சுகமும் கிடைக்கிறது. ஆனால் இது கிழிவு. முதல் சில நாட்களில் அழுத்தி நீவினால் இரத்தக் கசிவு கூடும். மூன்று வாரமான பிறகு மேலோட்டமாகத் தடவுவதில் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. கட்டைவிரலால் ஆழமாக அழுத்தி, பாதத்தை மடக்கிச் சொடுக்கு எடுப்பதை மட்டும் செய்ய விடவே வேண்டாம். இப்போதுதான் ஒட்டிக்கொண்டிருக்கும் இழைகள் அதில் மீண்டும் பிரியும்.

நீவக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. காயப்பட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம் உட்கார்ந்து வந்திருப்பீர்கள். அப்படியான கால்களில் சில நேரம் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்துவிடும். பார்ப்பதற்குத் தசைக் காயம் போலவே இருக்கும். எந்த வயதிலும், எந்த விளையாட்டு வீரருக்கும் வரலாம். என்.பி.ஏ. வீரர் டேமியன் லில்லார்டுக்கு 2025 மார்ச்சில் வலது கெண்டைக்காலில் இப்படித்தான் இரத்தக்கட்டி கண்டுபிடித்தார்கள். ஒரு தையல் நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். காயப்பட்ட பக்கம் வீங்கி, சூடாக, சிவந்து, நடந்தாலும் படுத்தாலும் குறையாத வலியோடு இருந்தால் நீவவும் கூடாது, பயிற்சியும் கூடாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ அன்றைக்கே போய்ப் பரிசோதியுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ஒரு நிமிடமும் பிந்த வேண்டாம். காயப்பட்ட பக்கம் மற்றதைவிடச் சற்று மெலிந்திருந்தால் அது தசை வற்றியது, அதற்குத்தான் கீழே சொல்லும் பயிற்சி.

அம்மா கொழுந்து பறிப்பவராக இருந்தால் அவருடைய காலையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சரிவில் நாள் முழுக்க நுனிக்காலில் நின்று பறிக்கும் பெண்களுக்கு இதே தசை இழுபடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு விளையாட்டு வீரருக்கு ஸ்கேனும் லீவும் கிடைக்கிறது. அவர்கள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிடும் என்று மறுநாளும் மலைக்குப் போகிறார்கள். எனக்கு அது ஆறவே ஆறாத வருத்தம்.

ஏற்றத்தில் ஓடலாமா என்று கேட்டீர்கள். இப்போது கூடவே கூடாது. ஏற்றத்தில் ஒவ்வொரு எட்டிலும் குதி தாழ்ந்து, கணுக்கால் மடிந்து, தசை நீண்டிருக்கும் நிலையிலேயே முழு உடலையும் தள்ள வேண்டும். கிழிந்த அந்தக் கணத்தில் உங்கள் கால் இருந்த நிலையும் அதுதான். லயத்து வீட்டுக்கு ஏறும் படிகளிலும் கவனமாக இருங்கள். படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைக்காமல் முழுப் பாதத்தையும் வைத்து ஏறுங்கள். ஏற்றத்தில் எட்டுக்களைச் சின்னதாக்குங்கள். சப்பாத்துக்குள் குதிப் பக்கம் ஒரு சென்டிமீற்றர் உயரமான அட்டை வைத்தால் முதல் வாரங்களில் தசைக்கு இழுவை குறையும். நல்ல காலுக்கும் அதே உயரம் வையுங்கள். நடை சீரானதும் இரண்டையும் எடுத்துவிட வேண்டும், பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. மெதுவாக ஓடினால் பரவாயில்லையா என்று பலர் கேட்பார்கள். ஓடும்போது சோலியஸில் விழும் சுமை உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகும். மெதுவாக ஓடினாலும் அது பெரிதாகக் குறைவதில்லை. நடையிலிருந்து ஓட்டத்துக்குப் போவது சின்னப் படி மாதிரித் தெரியும், தசைக்கு அது மிகப் பெரிய தாவல்.

இனி வேலைக்கு வருவோம். முதல் இரண்டு வாரமும் பலத்துக்கு மட்டும். காலையில் உட்கார்ந்தபடி, முழங்கால் மடிந்த நிலையில் தொடைமேல், முழங்காலுக்கு அருகே, ஒரு 10 கிலோ அரிசிப் பையை வைத்துக் குதியைத் தூக்கி, முப்பது நாற்பது விநாடி அப்படியே பிடித்து வையுங்கள். ஐந்து முறை. அசைவில்லாத இந்தப் பிடிப்பு வலியையும் தணிக்கும், பலத்தையும் எழுப்பும். இரண்டு மூன்று நாளில் அது லேசாகிவிடும். பிறகு அதே கனத்தோடு மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள், பத்துப் பன்னிரண்டாக மூன்று நான்கு தொகுதி. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 25 கிலோ மூட்டைவரை போகலாம், ஜிம் இருந்தால் அதற்கும் மேலே. தசை கனத்துக்குத்தான் பதில் சொல்லும். வெறும் காலை நூறு தடவை ஆட்டினால் பலம் வராது.

நின்றபடி செய்வது இரண்டாவது. முழங்காலை நிமிர்த்தி, சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து, இரண்டு காலால் எழும்பிக் காயப்பட்ட காலால் மட்டும் இறங்குங்கள். அது வசமானதும் அந்த ஒற்றைக் காலாலேயே எழும்புங்கள். அதன்பிறகு முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். படி விளிம்பில் குதியைக் கீழே தொங்கவிட்டுச் செய்வதைக் கடைசிவரை தள்ளிப் போடுங்கள், தரையில் முழுமையாக முடிந்த பிறகு பார்க்கலாம். கனமான பயிற்சிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தசை வளர்வது இடையிலுள்ள ஓய்வில்தான். பலமாக இழுத்து நீட்டும் பயிற்சி வேண்டாம். பலரும் முதலில் செய்வது அதைத்தான், கிழிவை ஆறவிடாமல் வைத்திருப்பதும் அதுதான்.

எவ்வளவு வலி பரவாயில்லை? பத்தில் இரண்டுவரை, அதுவும் பயிற்சி முடிந்ததும் குறைய வேண்டும். அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து எட்டுகளைக் கவனியுங்கள். முந்திய நாளைவிட இறுக்கமாக இருந்தால் நேற்றுச் செய்தது கூடிவிட்டது. காலையில் கால் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிசியோவிடம் போகும்போது அந்தக் கொப்பி ஸ்கேனைவிட உதவும்.

வலி மாத்திரை பற்றி ஒன்று. தேவையென்றால் பெனடோல் போதும். வலியை மறைக்க டைக்ளோஃபெனாக் விழுங்கிவிட்டுப் பயிற்சிக்கு இறங்க வேண்டாம், உங்களுக்கு வழி காட்டுவதே அந்த வலிதான். வயிற்றோட்டத்துக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளொக்சசின் எழுதினால், தசைநாணுக்குப் பக்கத்தில் காயம் இருக்கிறது என்று வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அந்த வகை மருந்துகளால் அக்கிலீஸ் பாதிக்கப்படுவதும் அறுவதும் நன்கு அறியப்பட்ட விஷயம். அக்கிலீஸுக்குப் பக்கத்தில் ஸ்டீரோய்ட் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

மூச்சு குறையும் என்ற கவலை நியாயமானது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு ஜிம் கிடைத்தால் அசையாத சைக்கிளை மிதியுங்கள், பெடலை நுனிக்காலால் தள்ளாமல் பாதத்தின் நடுவால் தள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மேலுடம்பு, வயிறு, தொடைப் பயிற்சிகளை இடைவெளி குறைத்துச் செய்யுங்கள், மூச்சு நன்றாக வாங்கும். நின்ற இடத்திலிருந்து இலவச எறிகளை இன்றைக்கே தொடங்கலாம், எழும்பாமல். கையின் பழக்கம் விட்டுப் போகாது.

அப்புறம் ஓட்டம். அதற்கு முன் மூன்று விஷயம் வேண்டும். அரைமணி நேரம் விறுவிறு என்று வலியில்லாமல் நடக்க வேண்டும். ஒற்றைக் காலில் எழும்புவது நல்ல காலின் எண்ணிக்கைக்குக் கிட்ட வர வேண்டும், உங்கள் கணக்கில் இருபத்திரண்டு இருபத்துமூன்றாவது. அதே ஒற்றைக் காலில் இருபது துள்ளல், வலியில்லாமல், குதி தரையில் அடிக்காமல். இவை வந்தபின் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மலையில் சமதரை தேடுவது கஷ்டம்தான். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களமோ தோட்டத்து விளையாட்டு மைதானமோ போதும். அதிகாலைக் குளிரில் எடுத்தவுடன் ஓட வேண்டாம், வெயில் ஏறிய பிறகு, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கூடைப்பந்தில் நேராக ஓடுவது சின்னப் பகுதிதான். உங்கள் தசை கிழிந்தது நிலையிலிருந்து பாய்ந்து புறப்பட்டபோது. ஆகவே அந்தப் பாய்ச்சலைத்தான் கடைசியாகவும் கவனமாகவும் திரும்பப் பழக்க வேண்டும். கயிறடித்தல், இரண்டு கால் துள்ளல், ஒற்றைக் கால் துள்ளல், பக்கவாட்டு நகர்வு, நிறுத்தித் திரும்புதல், எழும்பி எறிதல், விழுந்த பந்துக்கு உடனே மறுபடி எழும்புதல், அதன்பிறகு பாதி வேகத்தில் புறப்பாடு, முக்கால் வேகம், முழு வேகம். களைத்த பிறகும் அந்தப் புறப்பாட்டை ஐந்தாறு தடவை செய்து பார்க்க வேண்டும். நான்காம் காற்பகுதியில் கால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். இந்தக் கட்டம் வந்ததும் நான் தடுத்த அந்த ஏற்றத்துக்கும் போகலாம். குறுகிய, செங்குத்தில்லாத ஏற்றத்தில் ஆறேழு ஓட்டம், இறங்கும்போது நடை. பலமான கெண்டைக்காலுக்கு மலையை மிஞ்சிய ஜிம் கொழும்பில் கிடையாது.

நான்கு வாரக் கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் தரக் கிழிவு சாதாரணமாக நான்கிலிருந்து எட்டு வாரம் எடுக்கும். போட்டி தொடங்கும்போது உங்களுக்கு ஏழாவது வாரம். பலத்துக்கு இரண்டு வாரம், ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் குறைந்தது ஒரு வாரம், அணியோடு முழுப் பயிற்சிக்கு ஒரு வாரம். கணக்கு சரியாக முட்டுகிறது, ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஒருநாள் காலையில் கால் இறுகினாலும் எல்லாம் பின்னால் தள்ளும். முதல் ஆட்டத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. எல்லாம் ஒழுங்காகப் போனால் இரண்டாம் வாரத்தில், மாற்று வீரராக, பத்து நிமிடத்துக்கு. என்.பி.ஏ. வீரர் வெம்பன்யாமாவுக்கு 2025 நவம்பரில் இடது கெண்டைக்கால் இழுபட்டபோது சுமார் ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு, டிசம்பரில் அவரையும் மாற்று வீரராகத்தான், நிமிடக் கணக்கு வைத்துத்தான் இறக்கினார்கள்.

கோச்சிடம் போகாமல் ஒளிய வேண்டாம், திட்டத்தோடு போங்கள். வேலையும் இந்த அணியோடு கட்டியிருக்கிறது என்பதால் உங்களுக்குள்ள நெருக்கடி எனக்குத் தெரிகிறது. இருபத்தைந்தில் ஏழெட்டுத்தான் வருகிறது, இருபத்திரண்டு வந்ததும் ஓடுகிறேன், முழுப் பயிற்சி ஒரு வாரம் முடித்ததும் இறங்குகிறேன் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பதைவிட எண்ணிக்கையை நிர்வாகம் மதிக்கும். கொழும்பில் விளையாட்டு அமைச்சின் விளையாட்டு மருத்துவ நிறுவகத்துக்கோ, விளையாட்டு மருத்துவப் பிரிவுள்ள அரச வைத்தியசாலைக்கோ போய் ஒரு வைத்தியரின் கடிதமும் வாங்கிக் கொடுங்கள். பஸ்ஸில் திரும்பும்போது நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள். வழியில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.

திரும்ப விளையாடத் தொடங்கிய பிறகும் இந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம். கெண்டைக்கால் ஒருமுறை கிழிந்தவருக்குத்தான் அடுத்த கிழிவும் வர வாய்ப்பு அதிகம், முதல் இரண்டு மூன்று மாதம் குறிப்பாக. பருவம் முழுக்க வாரத்துக்கு இரண்டு தடவை கனத்தோடு செய்யுங்கள். ஆட்டத்தின் நடுவில் கெண்டைக்கால் மெல்ல இறுகி வந்தால் கையைத் தூக்கி வெளியே வந்துவிடுங்கள். இரண்டு நாள் ஓய்வெடுத்து ஒரு படி கீழே இறங்கித் தொடங்கினால் அநேகமாக ஒரு வாரத்தில் சரியாகும். மறுபடியும் அந்த உதை விழுந்த உணர்வு வந்தால் காலை ஊன்றிப் பார்க்காமல் ஆட்களைக் கூப்பிட்டுத் திடலிலிருந்து நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.